வழிப்பறிக்காரர் எதிர்ப்படுங்கால்
(ஆனைமலை வட்டாரக் கூட்டுறவுக் கடன் சங்க அங்கத்தினருக்கு ஆற்றிய சொற்பொழிவு)



பொருளைச் சேர்க்கும் வழிகளைப்பற்றி இத்தகைய கூட்டங்களில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. வித்து, உரம், கடன், தவணை, தேங்காய் விலை ஆகிய விஷயங்கள் யாவும் அவ்வகையைச் சேர்ந்தவை. சேர்த்த பொருள் வீடு வந்து சேரும்வரையில் அதைக் காப்பது எங்ஙனம் என்னும் விஷயமோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு ஜோடி எருதை விற்ற குடியானவர் கிரயத்தை மடியில் முடிந்துகொண்டு புறப்படுகிறார். கலியாண வீட்டுக்குச் சென்ற தாயார் கழுத்தில் சங்கிலியோடு தோப்பு வழியே திரும்புகிறார். ஒரு வருஷத்து உழைப்பு அந்த ஒரு மைல் தூரத்தில் பறிபோகக்கூடும். பொருளோடு உயிரும் போகக்கூடும். ஆகையால் வழியில் கள்வர் எதிர்ப்பட்டால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது, சட்டம் எதுவரையில் துணை நிற்கும் என்பவற்றை இங்கே சுருக்கமாக எடுத்துக்கூறுவது இச்சொற்பொழிவின் நோக்கம்.

முற்காலத்து வழிப்பயணம்

வழிப்பறி புதிதாக முளைத்த தீமையன்று. வழிப்போக்கரை அலைத்துப் பொருள் கவர்வோர்க்கு ஆறலைகள்வர் என்று பெயரிட்டனர் முன்னோர். பாலை நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுடைய பாட்டுகளில் அவர்களைப்பற்றிய அச்சம் நிறைந்திருக்கிறது. கொங்கு நாடோ கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே கிடக்கும் வாசற்படி போன்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொன்னும் மிளகும் துணியும் சென்றன. கோயமுத்தூருக்கு அருகே அவ்வழியில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் பொறித்த பாறைக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. வெள்ளலூரிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் உரோமாபுரி நாணயப் புதையல்கள் அகப்பட்டுள்ளன. அவற்றைப் புதைத்தவர் யார், திரும்பி வந்து எடுக்காதது ஏன் என்பதை அக்காசுகள் சொல்வதில்லை. ஆயினும் பொருள் நடமாடிய வழியில் பொருளுக்குப் பயமும் உடன் நடந்தது என்பதில் ஐயமில்லை.

இதற்கு இவ்வட்டாரத்திலேயே யாவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளிடம் பெற்ற பொன்னையும் மணியையும் ஆட்கள் சுமந்துவரக் கொங்கு வழியாகத் திரும்பினார். அவிநாசிக்கு அருகேயுள்ள திருமுருகன்பூண்டியில் வேடர் கூட்டம் வழிமறித்து யாவற்றையும் பறித்துக்கொண்டது. வந்தவர் வேடரல்லர், சிவபெருமான் ஏவிய பூதகணங்களே என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. நாயனார் காட்டுக்குள் ஓடி அவர்களைத் துரத்தவில்லை. நேரே கோயிலுக்குச் சென்று, இத்தகைய கள்வர் நடமாடும் இடத்தில் தேவரீர் எதற்காக வீற்றிருக்கிறீர் என்று பதிகம் பாடி முறையிட்டார். பறிபோனது திரும்பக் கிடைத்தது. அந்நிகழ்ச்சியை வேடுபறி உற்சவமாக அத்தலத்தில் நடத்திவருகின்றனர். இதில் இல்லறத்தாருக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது. காக்கக் கடமைப்பட்டவனிடம் சென்று, நீ இங்கே இருந்தும் இது நடக்கலாமா என்று கேட்பது குடிகளின் உரிமை.

வணிகர்கள் தனியே செல்லவில்லை. சாத்து என்னும் கூட்டமாகச் சென்றனர். சோழர் காலத்து வணிகக் குழுவினர் தங்கள் செலவிலேயே எறிவீரர் என்னும் காவலரை வைத்துக்கொண்டனர்; அக்காவல் உள்ள ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்று பெயரும் வழங்கிற்று. தனி ஒருவனுக்கு இயலாத காவல் பலர் சேர்ந்தபோது எளிதாயிற்று. கூட்டுறவு என்னும் சொல் பிற்காலத்தது. அதன் பொருளை இந்நாட்டு வழிப்போக்கர் முன்பே கண்டிருந்தனர்.

சிநேகம் பேசி வரும் கள்வன்

கள்வன் எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. 1816ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த ஷெர்வுட் என்னும் வைத்தியர் தென்னாட்டு வழிக்கொலைக்காரரைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுக்குச் சுருக்குப் போடுவோர் என்பதே பெயர். பிற்பாடு ஸ்லீமன் என்னும் அதிகாரி வடநாட்டில் இவர்களை அடக்க முனைந்தார். 1836ஆம் ஆண்டில் இதற்கென்றே தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அவர்களுடைய முறை யாதெனில், சாலையில் வழிப்போக்கரைக் கண்டு நயமாகப் பேசுவர். ஒரே ஊருக்குப் போவதாகச் சொல்வர். இனி வரும் வழியில் கள்வர் பயம் உண்டு, சேர்ந்து போவோம் என்றும் சொல்வர். உடன் உண்டு, உடன் நடந்து, இடமும் வேளையும் வாய்த்தபோது துணியைக் கழுத்தில் வீசி இறுக்குவர். கள்வனைப்பற்றி எச்சரித்தவனே கள்வனாயிருந்தான்.

அந்தக் கூட்டம் ஒழிந்தது. அதன் வித்தை ஒழியவில்லை. இந்நாளில் சாலையில் செல்லும் மூதாட்டியிடம் மிடுக்கான உடை தரித்த ஒருவன் வந்து, “ஏனுங்கம்மணி, முன்னாலே சாலையிலே திருட்டு நடக்குதுங்க. நாங்க போலீசுங்க. நகையைக் கழற்றி இந்தக் காகிதத்திலே மடிச்சுப் பையிலே வெச்சுக்குங்க” என்பான். மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தில் கல் இருக்கும். நகை அவன் கையில் இருக்கும். பாங்கியிலிருந்து பணம் எடுத்து வருபவரின் காலடியில் பத்து ரூபாய் நோட்டுகள் சிலவற்றைப் போட்டு, “அண்ணா, உங்க பணம் விழுந்திருச்சுங்க” என்பான் மற்றொருவன். குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் பை மறைந்திருக்கும். சட்டையில் அசுத்தத்தைத் தெளித்துவிட்டுக் கழுவ உதவி செய்வதாக வருபவனும் உண்டு. சாலையில் நிறுத்தி நகையைக் கழற்றச் சொல்லும் போலீசார் உலகத்தில் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலுள்ள முதியவர்களுக்குச் சொல்லிவைத்தாலே பல சங்கிலிகள் பிழைக்கும்.

முன்கூட்டிச் செய்யத்தக்கவை

கள்வனோடு போராடி வெல்வதைக் காட்டிலும் அவன் கண்ணில் படாமல் வருவது மேலானது. அதற்கான முறைகள் மிகவும் எளியவை.

முதலாவது, கையில் ரொக்கத்தைக் குறைப்பது. தேங்காய், மாடு, கொப்பரை ஆகியவற்றின் கிரயத்தை நேரே சங்கக் கணக்கிலோ பாங்கிக் கணக்கிலோ வரவு வைக்கும்படி வியாபாரியிடம் கேட்கலாம். மடியில் இல்லாத பணத்தை மடியிலிருந்து பறிக்க ஒருவனாலும் ஆகாது.

இரண்டாவது, ரொக்கமாகவே கொண்டுவர நேர்ந்தால் அதைப்பற்றி வாய் திறவாதிருப்பது. எவ்வளவுக்கு விற்றது, எந்த வழியாகப் போவது, யார் உடன் வருவது என்பவற்றைத் தேநீர்க் கடையில் உரக்கப் பேசுவோர் உண்டு. வழிப்பறியில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, துணையோடும் வெளிச்சத்தோடும் வருவது. ஒரே ஊருக்குச் செல்லும் நாலு பேர் ஒரே பஸ்ஸில் ஏறி ஒன்றாக இறங்கினால் அதுவே இக்காலத்துச் சாத்து.

நான்காவது, சாலையில் நடக்கும் முறை. மோட்டார் சைக்கிளில் இருவராக வந்து, பின்னால் அமர்ந்திருப்பவன் கைநீட்டிச் சங்கிலியை அறுப்பதே இன்று மிகுதியாக நடக்கும் பறிப்பு. ஆகவே எதிரே வரும் வண்டியைக் காணும்படி சாலையின் வலப்புறமாக நடக்கவேண்டும். பையும் கைப்பேசியும் சாலைப் பக்கத்துக் கையில் இருத்தலாகாது. கழுத்து நகையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளுதல் நலம். வழி கேட்க வண்டியை நிறுத்துவோருக்கு ஆறடி தள்ளி நின்று பதில் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

எதிர்ப்பட்ட வேளை

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் கள்வன் எதிரே வந்து நிற்கக்கூடும். அப்போது மனம் யோசிக்க அவகாசம் இராது. முன்னமே யோசித்து வைத்திருப்பதே அவ்வேளையில் உதவும்.

கத்தியோ அரிவாளோ காட்டிப் பணத்தை மட்டும் கேட்பவனிடம் பணத்தைக் கொடுத்துவிடுவது கோழைத்தனமன்று. எருதின் கிரயம் போனால் அடுத்த பட்டத்தில் ஈடு செய்யலாம்; குடும்பத் தலைவன் போனால் ஈடு இல்லை. பணத்தை அவன் கையில் கொடாமல் ஒரு பக்கமாக வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுவது இன்னும் நன்று. அவன் கண் பணத்தின் பின்னே போகும். சங்கிலியை அறுக்க இழுக்கும்போது ஓடும் வண்டியோடு பிடிவாதமாகப் போராடியவர்கள் தார்ச்சாலையில் இழுபட்டுத் தலையில் அடிபட்டிருக்கின்றனர். பொன்னைக் காக்க முனைந்து தலையைக் கொடுத்தல் தகாது.

பொருளைக் கொடுத்தும் விடாமல் உடலின்மீது கை வைப்பவனிடம், அல்லது கொல்லவே வந்தவனிடம், எதிர்த்துநிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது முழுப் பலத்தோடும் எதிர்க்கவேண்டும். முதல் ஆயுதம் தொண்டை. உரத்த கூச்சல் கள்வனுடைய கணக்கைக் கெடுக்கிறது; அவன் வேண்டுவது பொருளும் மௌனமும் ஆகும். அடுத்தது இடைவெளி. குடை, ஊன்றுகோல், பை, செருப்பு, மண், கல் ஆகியவற்றில் எது கைக்கு அகப்படுகிறதோ அதனால் அவனைத் தள்ளி நிறுத்தவேண்டும். மூன்றாவது, விலகும் வழி திறந்தவுடன் விலகிவிடுவது. சண்டையில் வெல்வது நோக்கமன்று, வீடு சேர்வதே நோக்கம்.

இதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று பிரசித்தமானது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி இரவு, அப்பொழுது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கடையத்தின் அருகே, ஒரு தோட்ட வீட்டின் முன்புறம் முதியவர் ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். முகமூடி அணிந்த ஒருவன் பின்புறமாக வந்து துணியை அவர் கழுத்தில் சுற்றி இறுக்கினான். நெடுங்காலத்துக்கு முன் ஒழிந்த சுருக்கு வித்தை மீண்டும் வந்தது போலாயிற்று. அரிவாளோடு மற்றொருவனும் உடன் இருந்தான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவருடைய மனைவியார் காலடியில் கிடந்த செருப்புகளை எடுத்து வீசினார். பின்பு நாற்காலிகளை வீசினார். முதியவரும் பிடியிலிருந்து விடுபட்டு எழுந்து நாற்காலியைக் கையில் எடுத்தார். இருவரும் சேர்ந்து தாக்கவே கள்வர் ஓட்டம் பிடித்தனர். அவ்வீட்டிலிருந்த கண்காணிப்புக் கருவியில் இக்காட்சி பதிந்து நாடெங்கும் பரவிற்று. நான்கு நாட்களுக்குப்பின் சுதந்திர தின விழாவில் தமிழ்நாட்டு அரசு அத்தம்பதியருக்குத் துணிவுக்கான விருது அளித்துப் பாராட்டிற்று.

இந்நிகழ்ச்சியைப் பாராட்டுவோர் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. அம்மூதாட்டியாரின் கையில் அரிவாள் வெட்டு விழுந்தது. அவருடைய சங்கிலியும் போயிற்று. துணிவுக்கு விலை உண்டு. அன்றியும், அவர்கள் வலியச் சண்டைக்குச் செல்லவில்லை. கழுத்தில் துணி இறுகிய பின்னரே எதிர்த்தனர். ஓடியவர்களை இருட்டில் துரத்திச் செல்லவுமில்லை. நாற்காலி அரிவாளை வென்றதற்குக் காரணம் அது இடைவெளியை உண்டாக்கியதும், இருவர் ஒன்றாய் நின்றதுமே ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

திருப்பி அடித்தால் தன்மேலேயே கேஸ் வருமோ என்னும் பயம் கிராமத்தாருக்கு உண்டு. இப்பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. தற்காப்பு உரிமை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் வகுக்கப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இவ்வுரிமையைக் கூறுகின்றன. தன் உடலையும் பொருளையும் மட்டுமன்றிப் பிறருடைய உடலையும் பொருளையும் காக்கவும் இவ்வுரிமை உண்டு. அடுத்த வீட்டுக்காரரின் அலறலைக் கேட்டு ஓடிச்சென்று உதவுபவரையும் சட்டம் பாதுகாக்கிறது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சந்தையிலிருந்து இரவில் திரும்பும் குடியானவர் ஒருவரை ஆழியாற்றங்கரைப் பாதையில் ஒருவன் மறித்து, அரிவாளை ஓங்கிப் பணம் கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். இது கொள்ளை. சூரியன் அஸ்தமித்தது முதல் உதயமாகும்வரையில் பெருஞ்சாலையில் நடக்கும் கொள்ளைக்குப் பதினான்கு ஆண்டுவரை கடுங்காவல் விதிக்கலாம். மற்றக் கொள்ளைக்குப் பத்து ஆண்டுவரை விதிக்கலாம். குடியானவர் தம் கைத்தடியால் ஓங்கி அடிக்கிறார். அடிபட்டவன் இறந்தே போனாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்ததாயின், அது குற்றமாகாது. கொள்ளைக்காரனை எதிர்க்கும் உரிமை அத்தனை தூரம் செல்கிறது.

இப்பொழுது உதாரணத்தைச் சிறிது மாற்றலாம். வந்தவன் ஆயுதமின்றிப் பையை மட்டும் பறித்து ஓடுகிறான். இது பறிப்புக் குற்றம். புதிய சட்டத்தில் 304ஆம் பிரிவு இதற்கென்றே தனியாக ஏற்பட்டது. அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், பையை மீட்கத் தேவையான அளவு பலத்தை உபயோகிக்கலாம். உயிர் போகும்படி தாக்குதல் கூடாது.

இனி மூன்றாவது நிலை. தடியடி பட்டு அரிவாளைப் போட்டுவிட்டுக் கள்வன் கீழே கிடக்கிறான், ஊரார் கூடிவிட்டனர், அவனைத் தென்னை மரத்தில் கட்டியாயிற்று. இந்த நிமிஷத்தில் அச்சம் நீங்கிவிட்டது. அச்சம் நீங்கியவுடன் உரிமையும் நீங்கிவிட்டது. அதன்பின் விழும் ஒவ்வோர் அடியும் குற்றமாகும், அடிப்பவரே கைதியாவார். பிடித்தவனைத் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு விதிக்கிறது.

பயந்த மனிதன் தராசு பிடித்து அளந்து அடிக்கமாட்டான் என்பதை நீதிமன்றங்கள் அறிந்தேயிருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் தர்ஷன் சிங் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையின் நெறிகளைத் தொகுத்துக் கூறிற்று. தாக்கப்படும் குடிமகன் கோழையைப்போல ஓடவேண்டுமென்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. தற்காப்பு என்பது காப்பதற்கே, பழிவாங்குவதற்கன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நன்னனின் மாங்காய்

அளவுக்கு மிஞ்சிய தண்டனை எத்தனை கொடியது என்பதை ஆனைமலையாருக்கு வேறொருவர் வந்து சொல்லவேண்டுவதில்லை. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்ற பெண்ணுக்கு நன்னன் கொலைத் தண்டனை விதித்தான். அவளுடைய சுற்றத்தார் எண்பத்தொரு களிறுகளும், அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையும் ஈடாகத் தருவதாகச் சொல்லியும் அவன் இணங்கவில்லை. இச்செய்தி குறுந்தொகையில் இருக்கிறது. அந்நன்னன் ஆண்ட ஊர் ஆனைமலையே என்றும், அப்பெண்ணே மாசாணியம்மனாகச் சயனித்த கோலத்தில் இங்கே எழுந்தருளியிருக்கிறாள் என்றும் இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். பறித்தவள் பெயரைப் பழி தொடவில்லை. கொன்றவன் பெயரைத்தான் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பழி பற்றிநிற்கிறது.

நன்னன் ஒருவன் செய்ததை இக்காலத்தில் கூட்டமும் செய்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் குழந்தை பிடிப்போர் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவிற்று. அச்சமயத்தில் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அவர்களிலிருந்த மூதாட்டியார் ஒருவர் அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே அவருக்கு யமனாயிற்று. கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிர் நீத்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அடித்தவர்களில் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் அம்மூதாட்டியாரை மீட்டுத் தரவில்லை.

இன்னவூரார், இன்ன சாதியார் கள்வர் என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் இதே பிழையின் மற்றொரு கிளை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911ஆம் ஆண்டில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றமறியாத குழந்தைகளும் அதனால் துன்புற்றனர். 1952ஆம் ஆண்டில் அது நாடெங்கும் ஒழிந்தது. சட்டப் புத்தகத்தினின்று நீங்கியது மனத்தினின்றும் நீங்கவேண்டும். கள்வனை அவன் செய்கையால் அறியலாம். முகத்தாலும் மொழியாலும் கிழிந்த உடையாலும் அறிய முடியாது.

நடந்தபின் செய்யத்தக்கவை

பறிகொடுத்தவர் வெட்கத்தால் வாய்மூடி இருந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஏமாந்தோம் என்று ஊர் சிரிக்குமே என்பது பயம். இந்த மௌனமே கள்வனுக்கு அடுத்த ஊரில் வேலை தேடிக்கொடுக்கிறது. உடனே 112 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். கைப்பேசி வழியாகக் கணக்கிலிருந்து பணம் வஞ்சிக்கப்பட்டிருந்தால் 1930 என்னும் எண் உண்டு. வண்டியின் எண் முழுவதும் நினைவில் இல்லாவிடினும் கடைசி நாலு இலக்கம், வண்டியின் நிறம், சென்ற திசை, கள்வனின் செருப்பு, பேச்சு வகை ஆகியவற்றை மறப்பதற்குள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது பெரிதும் பயன்படும். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பப் புதிய சட்டம் இடம் தரவில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறவேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டு, அவ்வாண்டிலேயே திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் தோன்றியபோது, குடியானவனை வட்டிக்காரனிடமிருந்து காப்பதே பெரு நோக்கமாயிருந்தது. வட்டிக்காரன் வீட்டில் இருந்து பறித்தான். வழிப்பறிக்காரன் சாலையில் நின்று பறிக்கிறான். இருவருக்கும் எதிரான மருந்து ஒன்றே. தனித்து நிற்பவன் இருவருக்கும் எளிதில் இரையாவான்.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் சில காரியங்களை மேற்கொள்ளலாம். சந்தை நாளன்று அங்கத்தினர் ரொக்கத்தைச் செலுத்திச் செல்லும்படி மாலையில் சிறிது நேரம் கூடுதலாகக் காரியாலயத்தைத் திறந்துவைக்க முடியுமா என்று நிர்வாகக் குழுவினர் ஆலோசிக்கலாம். ஒரே திசையில் செல்லும் அங்கத்தினர் ஒருவருக்கொருவர் துணையாகச் செல்ல ஏற்பாடு செய்துகொள்ளலாம். இருட்டான பாதைகளைக் குறித்துப் பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் விளக்கு வேண்டி மகஜர் அனுப்பலாம். தனி ஒருவர் கேட்பதைவிட இருநூறு பேர் கையெழுத்திட்டுக் கேட்பது காதில் விழும். புதிய ஏமாற்று வித்தை ஒன்று எங்கேனும் நடந்ததாகக் கேள்விப்பட்டால் அதை அடுத்த கூட்டத்தில் சொல்லி, வீட்டுப் பெண்டிருக்கும் முதியோருக்கும் தெரிவிக்கச் செய்யலாம். கூச்சல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளாமல் விளக்கோடு வெளியே வருவது என்று ஒவ்வொரு தெருவும் தீர்மானிக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

மாசாணியம்மன் சந்நிதியில் நீதிக்கல் இருப்பதை யாவரும் அறிவர். பொருளைக் களவு கொடுத்தவர்கள் மிளகாயை அரைத்து அக்கல்லில் பூசி நியாயம் வேண்டுகின்றனர். அந்த எரிச்சல் பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சலே. அதை அம்மனிடம் ஒப்படைப்பதில் ஓர் அரிய கருத்து அடங்கியிருக்கிறது. பழிவாங்கும் வேலையைப் பறிகொடுத்தவர் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் நீதியின் கையில் கொடுத்துவிடுகிறார். மிளகாய் பூசுமுன் போலீஸ் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்து வருவாராயின் குறை ஒன்றுமில்லை.

அங்கத்தினர்களே! பொருளைச் சங்கத்தில் வையுங்கள். வழியில் துணையோடு செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து வந்தால் அஞ்சாது எதிர்த்து நில்லுங்கள். ஆபத்து நீங்கியவுடன் கையை இறக்குங்கள். நன்னன் இறக்காத கையை நீங்கள் இறக்குவீர்களாயின், இவ்வூருக்கு அவனால் வந்த பழி உங்களால் நீங்கும்.